வளைவுக்கு முன்பே முடிகிற வேலை

வெள்ளி இரவு, பொள்ளாச்சி

விடிந்ததும் கோவைக்காரர் ஒருவர் பைக்கில் வால்பாறைக்குக் கிளம்ப வேண்டும். அவருக்கு உக்கடம் நெரிசலில் வண்டி ஓட்டுவது பெரிதில்லை. மலை வளைவு என்றால்தான் தோள் இறுகிவிடும். ஆழியாறு தாண்டியதும் 40 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. தூக்கம் வராமல் ஒரு பழைய ஆய்வறிக்கையைப் படிக்கிறார்.

தென் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் ஹாரி ஹர்ட் குழு, லாஸ் ஏஞ்சலிஸ் வட்டாரத்தில் 900 மோட்டார் சைக்கிள் விபத்துகளை நடந்த இடத்துக்கே போய் ஆராய்ந்தது. அறிக்கை 1981-இல் வந்தது. வேறு வண்டி மோதாமல் நடந்த விபத்துகளில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குக்கு ஓட்டியவரின் தவறே காரணம். பிரேக்கை அளவுக்கு மீறிப் பிடித்துச் சறுக்கினார்கள். அல்லது வளைவில் அகன்று வெளியே போனார்கள். அகன்று போனதற்கு வேகம் மட்டும் காரணமில்லை, போதிய அளவு வளைக்காததும் காரணம் என்கிறது அறிக்கை.

சனி அதிகாலை, ஆழியாறு

டீக்கடையில் நிற்கும் உள்ளூர்ப் பையன் வண்டியைச் சுற்றி வந்து டயரைப் பார்க்கிறான்.

“அண்ணா, மேல பனி இருக்குங்க. பஸ் வந்தா வளைவுக்குள்ள போயிராதீங்க, முன்னாடியே நின்னுக்கோங்க.”

வளைவுக்குள் பயந்தால் உடம்பு என்ன செய்யும் என்பதைக் கீத் கோட் வரிசைப்படுத்தியிருக்கிறார். 1980-இல் கலிஃபோர்னியா சூப்பர்பைக் பள்ளியைத் தொடங்கியவர் அவர். பயந்தவர் ஆக்ஸிலேட்டரைச் சட்டென்று விடுவார், ஹேண்டிலை இறுகப் பற்றுவார், எதைக் கண்டு மிரண்டாரோ அதையே வெறிப்பார். வண்டியும் அந்தப் பக்கமே போகும். உயிரைக் காக்கத்தான் உடம்பு இப்படித் துடிக்கிறது. சாய்ந்து ஓடும் இரு சக்கரத்துக்கு அது ஒத்துவராது. ஓட்டுபவரின் கவனத்தைச் சட்டைப்பையில் இருக்கும் பத்து டாலராகக் கணக்கிடச் சொல்கிறார் கோட். பயத்துக்கே ஒன்பது செலவானால், மற்ற எல்லாவற்றுக்கும் மிஞ்சுவது ஒன்றுதான்.

சனி முற்பகல், ஏற்றம்

முதல் சில வளைவுகளில் கை இறுக்கம் போகவில்லை. அவர் எஞ்சினியரிங் படித்தவர். 9-ஆம் வளைவில், லோம்ஸ் காட்சிமுனையில் வண்டியை நிறுத்திக் கணக்குப் போடுகிறார். கீழே ஆழியாறு அணை தெரிகிறது.

வளைவின் ஆரம் 10 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், மணிக்கு 20 கிலோமீட்டரில் வண்டி சுமார் 17 டிகிரி சாய வேண்டும். 30-இல் அது 35 டிகிரி. 40-இல் 50 டிகிரிக்கு மேல். சாதாரண டயரும் சாலையும் அதைத் தாங்காது. 20-இலிருந்து பத்து கிலோமீட்டர் கூடினாலே சாய்வு இரட்டிப்பாகிறது. அந்தப் பத்தைக் குறைக்க வேண்டிய இடம் வளைவுக்கு முந்தைய நேர்ச்சாலை.

அதன்பின் ஒரு வரிசை பிடிபடுகிறது. வண்டி நிமிர்ந்திருக்கும்போதே பிரேக், கியர் டவுன், பார்வை வளைவின் மறுமுனைக்கு. பிறகு திரும்பும் பக்கத்துக் கைப்பிடியை முன்னோக்கி மெல்லத் தள்ளுகிறார். இடதுகையைத் தள்ளினால் வண்டி இடப்பக்கம் சாய்கிறது. சாய்ந்தபின் ஆக்ஸிலேட்டரைச் சீராகக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறக்கிறார். முழங்கை தளர்ந்திருந்தால்தான் முன்சக்கரம் தன் வேலையைச் செய்யும்.

பையன் சொன்னதும் புரிகிறது. வலப்பக்கம் ஏறும் வளைவில் மேலிருந்து வரும் பஸ், உள்பக்கத்து ஒடுங்கிய திருப்பத்தை எடுக்கச் சாலை முழுவதையும் அடைத்துக்கொள்கிறது. குறுகலான மலைச் சாலையில் ஏறும் வண்டிக்கு இறங்குவது வழிவிட வேண்டும் என்பது விதி. ஆனாலும் ஹாரன் கேட்டதும் அவர் வளைவுக்கு வெளியே ஓரங்கட்டுகிறார்.

ஞாயிறு, இறக்கம்

பெட்ரோல் மிச்சமென்று நியூட்ரலில் இறங்குபவர்களைப் பார்க்க முடிகிறது. எஞ்சின் பிடிமானம் இல்லாததால் மொத்தப் பாரமும் பிரேக்கின் தலையில் விழுகிறது. தொடர்ந்து அழுத்தச் சூடேறிப் பிடிப்பு தளர்கிறது. அவர் இரண்டாம் கியரிலேயே இறங்குகிறார்.

தேயிலைத் தோட்டங்களைத் தாண்டி ஒரு வளைவில் ஈரமண் பரவிக் கிடக்கிறது. கண் அதில் ஒட்டிக்கொள்ளப் பார்க்கிறது. அவர் வலிந்து பார்வையை மண்ணுக்கு அப்பால் உள்ள காய்ந்த தாருக்கு நகர்த்துகிறார், வண்டியும் நகர்கிறது. வேகம் ஏற்கெனவே குறைந்திருந்ததால் யோசிக்க அவகாசம் இருந்தது. அமைதி என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தது பெரும்பாலும் இந்த அவகாசம்தான்.

திங்கள், கோவை

அலுவலகத்தில் நண்பர் கேட்கிறார்: “ஏபிஎஸ் இருக்கில்ல, அப்புறம் என்னங்க பயம்?”

2019 ஏப்ரல் முதல் இந்தியாவில் 125 சிசிக்கு மேற்பட்ட புது வண்டிகள் எல்லாவற்றுக்கும் ஏபிஎஸ் கட்டாயம். சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் அது தடுக்கும். ஆனால் சாதாரண ஏபிஎஸ்ஸுக்கு வண்டி எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்பது தெரியாது. சாய்வையும் அளந்து பிரேக்கை முறைப்படுத்தும் பாஷ் நிறுவனத்தின் ஏற்பாடு 2014 மாடல் கேடிஎம் 1190 அட்வென்ச்சரில் வந்தது. அவருடைய 200 சிசி வண்டியில் அது இல்லை.

மாலையில் டயர் காற்றைச் சரிபார்த்துவிட்டு, வீட்டருகே உள்ள காலி மைதானத்தில் இடதுகை, வலதுகை என்று மாற்றி மாற்றித் தள்ளிப் பழகுகிறார். அடுத்து கொல்லிமலைக்குப் போகும் எண்ணம். அங்கே வளைவுகள் 70.