உப்பு பிடித்த ரோட்டர்

ரொறன்ரோவில் விண்டர் முழுக்க வீதியில் உப்புக் கொட்டுவார்கள். அந்த உப்புதான் பிரேக் ரோட்டரை ஹப்போடு துருவால் ஒட்டவைக்கிறது. பேட் மாற்றுவது பெரிய வேலையில்லை. ரோட்டரைக் கழற்றுவதுதான் பாடு. சுத்தியலால் அடித்தால் பக்கத்து வீட்டார்தான் எட்டிப் பார்ப்பார்கள், அது அசையாது. பல ஜப்பான் கார்களின் ரோட்டரிலேயே இரண்டு மரைத்துளைகள் இருக்கும். 8 மில்லிமீட்டர் போல்ட் இரண்டை அதில் மாறி மாறி இறுக்கினால், ஹப்பை உதைத்துக்கொண்டு 'டக்'கென்று கழன்று வரும்.

"கராஜிலை குடுத்திருக்கலாமே தம்பி," என்றார் அப்பா. இரவு வேலைக்கு இந்தக் காரில் போகிறவர் அவர். ஹப்பில் துரு மிஞ்சினால் பிரேக் அதிரும். கம்பி பிரஷால் தேய்த்தெடுத்தேன். பூட்டி முடித்து மிதித்தபோது பெடல் தரைவரை போனது. அப்பாவின் முகம் மாறியது. பிஸ்டனை உள்ளே தள்ளினால் அப்படித்தான். நாலைந்து மிதியில் இறுகியது. சாவியை உடனே கொடுக்கவில்லை. நானே தெருவைச் சுற்றிவந்து, ஆறேழு தரம் நிறுத்திப் பார்த்தேன்.