வாப்பாவின் கூட்டாளிகள்

வாப்பாவுக்கு எண்பது. பெல்மதுளையில் எங்கள் வீடு மேட்டில். பாதைக்கு இறங்க முப்பத்திரண்டு படிகள். 2022இல் பெற்றோல் இல்லாமல் ஓட்டோக்கள் நின்றபோது முழங்கால் நோவோடு ஜும்ஆவை விட்டவர், பெற்றோல் வந்த பிறகும் இறங்கவில்லை.

இப்போது கூட்டாளிகள் மூவரும் கைபேசிக்குள்தான். காவத்தை, இறக்குவானை, பலாங்கொடை. சுபஹ் முடிந்ததும் வட்ஸ்அப்பில் குரல்கள் வரத் தொடங்கும். பெல்மதுளைக்கூடாக ஒபநாயக்க வரை ஓடிய களனிவெளி ரயில் 1976இல் நின்றது. அதில் கடைசியாக ஏறியது யார் என்று இன்னும் தகராறு. சீனி வருத்தம், மூத்திரத் தொல்லை, பேரனின் கட்டார் விசா எல்லாம் அதற்கிடையில்தான்.

போன கிழமை பாடக்குறிப்பு எழுதிக்கொண்டிருந்தேன். உள்ளே வாப்பாவின் குரல்:

“ராவு பாத்ரூம்ல உழுந்திட்டேன் மச்சான். மகனுக்குச் சொல்லல்ல. அவனுக்கு ஈக்கிற கரைச்சல் போதும்.”

கவலையை விடப் பொறாமைதான் முதலில் வந்தது.

பின்னேரம் இரும்புக் கைபிடி ஒன்று வாங்கி வந்து பாத்ரூம் சுவரில் பூட்டினேன்.

“இது யாருக்கு?”

“எனக்கும் முழங்கால் நோவுது வாப்பா.”

என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு கைபேசியை வாயருகே பிடித்தார்:

“மச்சான், எங்கட மகனும் வயசுக்கு வந்திட்டான்.”