பன்னிரண்டு சுருள்கள்

வால்வு ஆர்கனின் பின்பலகையைக் கழற்றுவதற்கு முன் அண்ணாச்சி எங்களுக்குச் சொல்லித்தந்த முதல் பாடம், இடக்கையைக் கால்சட்டைப் பைக்குள் போட்டுக்கொள்வது. மின்சாரத்தை நிறுத்திய பின்னும் உள்ளேயிருக்கும் பெரிய கண்டன்சர்கள் 300 வோல்ட் வரை தேக்கிவைத்திருக்கும். இரண்டு கைகளும் உள்ளே போனால் ஒன்றில் ஏறி நெஞ்சு வழியாக மற்றதில் இறங்கிவிடும். "ஒத்தக் கையால வேல செய்யத் தெரிஞ்சவன்தாம்லே இதுக்குள்ள கைய விடணும்" என்பார்.

அண்ணனும் தம்பியுமாக நாங்கள் 1997 கோடை விடுமுறையில் பாளையங்கோட்டையில் அவருடைய ரேடியோக் கடையில் எடுபிடியாகச் சேர்ந்தோம். அப்போதே வால்வு ரேடியோவைப் பழுதுபார்க்கக் கொண்டுவருவோர் அருகிவிட்டனர். கடை நிறைய டேப்ரிக்கார்டர்களும் டெலிவிஷன்களுமாகக் கிடந்தன. ஆனால் ஆண்டுக்கு இரண்டு முறை, தவக்காலத்திற்கு முன்னும் கிறிஸ்துமஸுக்கு முன்னும், ஒரு தேவாலயத்திலிருந்து அவருக்கு ஆள் வரும். அங்கே 1950களில் அமெரிக்காவில் செய்யப்பட்ட ஆர்கன் ஒன்று இருந்தது. பீரோ அளவுக்குத் தேக்குநிறப் பெட்டி, இரண்டு அடுக்கு விசைப்பலகை, காலால் மிதிக்கும் மரக்கட்டைகள். அதற்கென்றே 230 வோல்ட்டை 110 ஆக்கும் டிரான்ஸ்ஃபார்மர் ஒன்று மூலையில் முனகிக்கொண்டிருக்கும்.

சுவிட்சைப் போட்டதும் அது பாடிவிடாது. முக்கால் நிமிடம் காத்திருக்க வேண்டும். கண்ணாடிக் குழல்களுக்குள் செம்மஞ்சள் இழை ஒவ்வொன்றாகத் துலங்கும். தூசி சூடேறி ஒரு வாடை எழும். டீச்சரம்மா அந்த நேரத்தில் கைகளை மடியில் வைத்துக் கண்மூடி அமர்ந்திருப்பார். அவர் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக அந்த ஆர்கனை வாசித்தவர். அவர் ஜெபம் செய்கிறார் என்றே வெகுநாள் நினைத்திருந்தோம். "இல்ல தம்பி, எந்தச் சுரம் மொதல்ல வருதுன்னு கேப்பேன்" என்றார் ஒருமுறை.

அதன் உள்ளமைப்பு எங்களைப் பித்துப்பிடிக்கச் செய்தது. மேல் சுரத்தானத்தின் பன்னிரண்டு சுரங்களுக்குப் பன்னிரண்டு மூல அலையியற்றிகள். ஒவ்வொன்றின் அலையையும் அடுத்துள்ள வால்வு பாதியாக்கி ஒரு தானம் கீழே தரும்; அதை அடுத்தது மீண்டும் பாதியாக்கும். எனவே மூலம் ஒன்று ஓய்ந்தால் அந்தச் சுரம் அடிமுதல் நுனிவரை ஆர்கனிலிருந்தே மறைந்துபோகும். ஹாமண்ட் நிறுவனம் 1939இல் வெளியிட்ட நோவாகார்டும் இப்படிப் பன்னிரண்டிலிருந்து கிளைத்ததே; அதில் 163 வால்வுகள். அதே நிறுவனம் 1935இல் கொண்டுவந்த பெயர்பெற்ற ஆர்கனில் ஒலியைப் பிறப்பித்தவை வால்வுகள் அல்ல, மோட்டாரால் சுழலும் பற்சக்கரங்கள். 60 சைக்கிள் மின்சாரத்துக்கென்று செய்யப்பட்ட அத்தகைய ஒன்றை நம் 50 சைக்கிளில் இணைத்தால் மோட்டார் மெதுவாகி, எல்லாச் சுரமும் மூன்று அரைச்சுரம் இறங்கிப் பாடும். வால்வுக்கு அந்தத் தொல்லை கிடையாது. அண்ணாச்சிக்கு இதில் ஏதோ சொந்தப் பெருமை.

சுருதி சேர்க்கும் நாள்தான் எங்களுக்குத் திருநாள். பன்னிரண்டு கம்பிச் சுருள்களின் நடுவேயுள்ள கருவைப் பிளாஸ்டிக் திருப்புளியால் நூலிழை அளவு திருக வேண்டும். இரும்புத் திருப்புளி அருகே வந்தாலே சுரம் நகர்ந்துவிடும். 440 அதிர்வுள்ள இசைக்கவையை வைத்து ஒரு சுரத்தை நிறுத்தி, அதிலிருந்து அடுத்ததை ஐந்தாம் சுர உறவில் பிடிப்பார். முழுத் தூய்மையாகச் சேர்த்தால் பன்னிரண்டாவதில் வட்டம் மூடாது. ஆகவே ஒவ்வோர் உறவிலும் கொஞ்சம் குறை வைக்க வேண்டும். 220 அதிர்வுள்ள சுரத்தோடு அதன் ஐந்தாவதை ஒலிக்கவிட்டால் பத்து விநாடிக்கு ஏழு, எட்டு விம்மல்கள் கேட்க வேண்டும். அவர் கடிகாரத்தைப் பார்த்தபடி உதட்டுக்குள் எண்ணுவார். நாங்கள் மூச்சையும் அடக்கிக்கொண்டு நிற்போம்.

பிற்பாடு முதுகலை வகுப்பில் சிலப்பதிகாரம் பாடமானபோது, பன்னிரு இராசி வட்டத்தில் ஏழு சுரங்களை நிறுத்தும் வட்டப்பாலையை எங்கள் ஆசிரியர் கரும்பலகையில் வரைந்தார். உடன் படித்தவர்கள் மிரண்டார்கள். எங்களுக்கோ அது பின்பலகை கழற்றிய ஆர்கனாகத் தெரிந்தது. இளிக்குப் பட்டடை என்று பெயர் சொல்லும் உரைப்பகுதிக்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை. (நரம்பு, துளை, தோல், கஞ்சம் என்று கருவிகளை வகுத்த மரபில் வால்வை எங்கே வைப்பது என்று தேர்வில் எழுதி மதிப்பெண் இழந்தது வேறு கதை.)

அண்ணாச்சிக்கு இன்னொரு பெருமை, 1954இல் வந்த 'நாகின்' இந்திப் படத்தின் மகுடி. ஊரெல்லாம் பாம்பாட்டியைத் தேடிய அந்த ஒலி, கல்யாண்ஜி வாசித்த கிளாவியோலின் என்னும் சிறு வால்வுக் கருவியிலிருந்து வந்தது. கான்ஸ்டன்ட் மார்ட்டின் என்ற பிரெஞ்சுக்காரர் 1947இல் அமைத்தது. "பாம்பும் நம்பிச்சு, சனமும் நம்பிச்சு" என்று சிரிப்பார்.

அவர் 2001இல் காலமானார். மறு ஆண்டு சபைக் குழுவினர் எங்களைத் தேடி வந்தனர். இரண்டு சுரங்கள் அடியோடு போய்விட்டன, ஹம் பாட்டை மீறிக் கேட்கிறது, பார்த்துச் சொல்லுங்கள் என்றார்கள். போனோம். கழற்றினோம். எலி கடித்த பருத்தி உறைக் கம்பிகளும் கரிபடிந்த வால்வுகளும் தெரிந்தன. அவர் பக்கத்தில் இல்லாமல் அதற்குள் நாங்கள் கைவிட்டதே இல்லை. எங்களில் ஒருவருக்குத் தேர்வு மாதம். மற்றவருக்கு வேலைக்கான நேர்முகம். பத்து நிமிடம் பார்த்துவிட்டு, "இனி முடியாது, வால்வெல்லாம் இப்போது செய்வதில்லை" என்றோம். அதை எவரிடமும் விசாரித்திருக்கவில்லை.

டீச்சரம்மா மட்டும் வாசல்வரை வந்தார். "நெசமாவே முடியாதா தம்பி?" என்றார். தலையசைத்தோம். அண்ணாச்சியின் பையன்கள் என்பதால் எங்கள் சொல்லுக்கு அங்கே மறுபேச்சு இல்லை. ஒரு மாதத்துக்குள் பெட்டி ஆசாரியிடமும் உள்ளுறுப்புகள் எடைக்கும் போயின.

அந்தக் கிறிஸ்துமஸுக்கு எங்களையும் அழைத்திருந்தார்கள். புதிய கீபோர்டு நன்றாகவே ஒலித்தது. அதைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. பாட்டு உயர்கிற இடத்தில் டீச்சரம்மாவின் வலக்கால், ஒலியை ஏற்றும் மிதியைத் தேடி வெறுந்தரையில் துழாவியது. இரண்டாம் பாட்டிலும் துழாவியது.

2009இல் கிதார் ஆம்ப்ளிஃபயர்களைப் பற்றி எதையோ படித்தபோதுதான் தெரிந்தது. அந்த ஆர்கனில் பெரும்பாலும் இருந்தவை 12ஏஎக்ஸ்7 வால்வுகள். நாங்கள் 'செய்வதில்லை' என்று சொன்ன 2002இலும் ரஷ்யாவின் சரத்தோவிலும் ஸ்லோவாக்கியாவிலும் அவை புதிதாகவே செய்யப்பட்டுக்கொண்டிருந்தன. கண்டன்சர்களோ எங்கள் ஊர்க் கடைகளிலேயே கிடைத்திருக்கும்.

டீச்சரம்மா அதன்பின் இரண்டு ஆண்டுகள் இருந்தார். திருமண வீடுகளில் பார்த்திருக்கிறோம். தேர்வு, வேலை, குழந்தைகள் என்று எல்லாம் விசாரிப்பார். இதை நாங்கள் அவரிடம் சொல்லவில்லை.