வறுமையும் நாணமும்

வறுமை வயிற்றை வாட்டும். அதனைப் பிறர் நோக்கும் நோக்கு நெஞ்சை வாட்டும். செபராங் பிறையின் ரப்பர்த் தோட்டமொன்றில் வளர்ந்த எனக்கு இஃது ஏட்டறிவன்று, பட்டறிவு.

பால்மரம் வெட்டிய எங்கள் பெற்றோர் பெற்றது நாட்கூலி. மழை பெய்தால் வெட்டில்லை, வெட்டில்லையேல் கூலியுமில்லை. மாரிக்காலத்தில் பற்றுப் புத்தகத்துடன் அம்மா என்னைக் கடைக்கு அனுப்புவார். கடைக்காரர் பழைய பாக்கியை உரக்கப் படிப்பார். அருகில் நிற்போரும் தலைகுனிவர். அடுத்துப் படிக்கப்படுவது அவர்கள் கணக்கன்றோ!

பட்டர்வொர்த்தில் படகேறி ஜார்ஜ்டவுன் பள்ளிக்குச் சென்றால், எத்துணை வெளுத்தும் நீங்காத ஒட்டுப்பால் வாடை உடன்வரும். பக்கத்து மாணவன் மெல்ல நகர்ந்து அமர்வான்.

வள்ளுவர் நல்குரவு, இரவு, இரவச்சம் என மூன்று அதிகாரங்களை அடுத்தடுத்து வைத்தார். அவற்றின் முன்னரே நாணுடைமையைத் தனியே வகுத்தார். அங்கு நாணத்தக்கது இழிசெயலே. அங்ஙனமாயின், விடியுமுன் பிரட்டுக் களத்தில் நின்ற என் தாய் எதற்கு நாண வேண்டும்?

நாண வேண்டியது அக்கூலி முறையே. இந்தியத் தொழிலாளரை ஒப்பந்தக் கூலிகளாகக் கொணர்வது 1910இல் நிறுத்தப்பட்டது. தோட்டத் தொழிலாளர் தேசியச் சங்கம் 1954இல் தோன்றியது. எனினும், நாடு தழுவிய குறைந்தபட்ச ஊதியம் 2013இல்தான் நடைமுறைக்கு வந்தது. தீபகற்பத்தில் அது அப்போது மாதம் 900 ரிங்கிட்டாக இருந்தது.

ஆசிரியப் பெருமக்களே, கட்டணம் செலுத்தாத மாணவர் பெயரை வகுப்பறையில் வாசிக்காதீர்கள். தனியே அழைத்துப் பேசுங்கள். நல்குரவு அதிகாரத்தைக் கேட்கும் பிள்ளைகளுள் அதனை நாள்தோறும் வாழ்பவனும் ஒருவன் இருப்பான்.