உப்புக்கு வரும் மான்கள்

மலேசியாவின் தாமான் நெகாரா, பஹாங், கிளந்தான், திரெங்கானு என 3 மாநிலங்களில் பரந்து கிடக்கும் மழைக்காடு. அடர்ந்த காட்டில் மானைத் தேடி நடந்தால் கால்தான் வலிக்கும். உப்பு இருக்கும் இடத்தில் காத்திருப்பதே வழி.

உப்பும் தாதுக்களும் ஊறிய மண்ணை மலாயில் ‘ஜெனுட்’ என்கிறார்கள். அதைப் பார்த்தபடி உயரத்தில் கட்டிய மறைகுடில் ‘பும்பூன்’. இரவு தங்கும் பும்பூன்களும் உண்டு. சாப்பாடு, போர்வை, டார்ச் எல்லாம் நாம்தான் சுமந்து போகவேண்டும்.

இலை தழைகளில் சோடியம் மிகக் குறைவு. அந்தக் குறையைத் தீர்க்கவே கடமானும் கேளையாடும் இந்த மண்ணை நக்க வருகின்றன. கொம்பு வளரும் ஆணுக்கும், குட்டிக்குப் பால் கொடுக்கும் தாய்க்கும் தாதுத் தேவை இன்னும் அதிகம்.

இது வேட்டைக்காரனுக்கும் தெரியும். உப்பு வைத்து மானை வரவழைத்துச் சுடுவது பல நாடுகளில் பழகிய தந்திரம். ‘உப்பிட்டவரை உள்ளளவும் நினை’ என்பது நமக்குப் பெருமை. உப்பு கிடைத்த இடத்தை மறக்காமல் திரும்பி வருவதே மானுக்கு ஆபத்து.

அதனால் பும்பூனில் பேச்சு வேண்டாம், சென்ட் வேண்டாம். இரவெல்லாம் விழித்தும் எதுவும் வராமல் போகலாம். வந்தால், பயமின்றி நக்கிவிட்டுப் போகட்டும்.