மரணத்திற்குப் பின் ஒரு வழக்கு

மண்ணாடிப்பட்டிலிருந்து நெஞ்சு அறுவைக்கென நம் குடும்பத்தார் கோரிமேட்டு ஜிப்மருக்கோ சென்னைக்கோ செல்வதுண்டு. சென்றவர் உயிரோடு திரும்பாதபோது, முப்பதாம் நாள் திருப்பலி நிறைவேறுமுன்னரே, "டாக்டர்மீது வழக்குத் தொடரலாமா?" என்னும் கேள்வி எழுகின்றது. அதனைப் பாவமென்று நாம் தள்ளுவதற்கில்லை. நீதி கேட்பது பகைமையாகாது.

பம்பாய் ஆஸ்பத்திரி வழக்கை நோக்குவோம். இதயத்தினின்று புறப்படும் பெருநாளம் வயிற்றில் வீங்கியிருந்த ஒருவருக்கு 1998 ஏப்ரலில் அங்கே அறுவை நடந்தது. மறுநாளே கால்கள் சில்லிட்டன. ஆஞ்சியோகிராம் கருவியோ பழுது; அறுவைக்கூடமும் உடனே கிட்டவில்லை. ஜூன் 12-இல் அவர் மரித்தார். தேசிய நுகர்வோர் ஆணையம் 14 லட்ச ரூபாய்க்குமேல் இழப்பீடு விதித்தது. 2021 நவம்பர் 30-இல் உச்ச நீதிமன்றம் அதனை நீக்கிற்று. நோயாளி இறந்தமை ஒன்றே கவனக்குறைவுக்குச் சான்றாகாது என்றது. முன்னரே அளிக்கப்பெற்ற 5 லட்சம் மட்டும் கருணைத் தொகையாகக் குடும்பத்திடம் நின்றது. இருபத்துமூன்று ஆண்டுகள்! சட்டம் பிழையென்று நாம் கூறோம். ஆயினும் அவ்வீட்டாரின் காத்திருப்பு நம் நெஞ்சை உறுத்துகின்றது.

எல்லார்க்கும் முற்றிலும் இலவசமாகச் சிகிச்சை தரும் மருத்துவமனைமீது நுகர்வோர் மன்றம் செல்ல வழியில்லை. 1995-இல் வந்த தீர்ப்பு இது. சிலரிடமேனும் கட்டணம் பெறுமாயின், இலவச நோயாளிக்கும் அம்மன்றம் திறந்தே உள்ளது.

மருத்துவ ஏடுகளை எழுதிக் கேட்டால் 72 மணி நேரத்துள் தரவேண்டுமென்பது விதி. அவற்றை வேறொரு மருத்துவரிடம் காட்டியபின் வக்கீலிடம் செல்வதே முறை. நுகர்வோர் முறையீட்டிற்குக் காலவரை 2 ஆண்டுகள்.