எடுக்காமல் விட்ட குதிரை



2013 ஜனவரியில் நெதர்லாந்தின் வைக் ஆன் ஸீயில் லெவோன் ஆரோனியனை விஸ்வநாதன் ஆனந்த் வென்ற சதுரங்க ஆட்டத்தை, தருவைகுளத்து வாலிபரோடு புதிராக வைத்து ஆராய்ந்தோம். நீங்களும் சேர்ந்து சிந்தியுங்கள். ஆனந்துக்குக் கறுப்புக் காய்கள். 19ஆம் நகர்வில் வெள்ளைக் குதிரை அவருடைய யானையை வெட்டி, ராஜாவின் அருகிலேயே நிற்கிறது. அடுத்து என்ன?

"குதிரையை வெட்டுவோம்" என்றார்கள் பலர். "வெள்ளை ராணியைப் பாருங்கள், ஐயா" என்றான் இளையவன். ராஜாவை நோக்கி அதற்குக் குறுக்குவழி திறந்திருந்தது. ஆனந்த் குதிரையைத் தொடவில்லை. ஒரு சிப்பாயை இரண்டு கட்டம் நகர்த்தி அவ்வழியை அடைத்தார். பின்பு தம் ராணியைத் தாக்குதலில் இறக்கினார். 21ஆம் நகர்வில் அதே குதிரை அவர் கைக்கு வந்தது. 23ஆம் நகர்வோடு ஆட்டம் முடிந்தது.

சிக்லாகில் யாவையும் பறிகொடுத்த தாவீதும் முதலில் கர்த்தரிடத்தில் விசாரித்தான். அதன்பின்பே பின்தொடர்ந்து, எல்லாவற்றையும் திருப்பிக்கொண்டான்.

பிரியமானவர்களே, வலையை அறுத்தவன்மேலும் பணத்தை ஏமாற்றியவன்மேலும் நம் கை உடனே ஓங்கும். உரிமையைக் கேட்பது தவறன்று. ஆனால் பகை நம் வீட்டுக்குள் நுழையும் வழியை முதலில் ஜெபத்தினால் அடைப்போம். இவ்வாரம் நீங்கள் உடனே வெட்டத் துடிக்கும் குதிரை எது?

கர்த்தர் உங்களுக்குப் பொறுமையைத் தந்தருள்வாராக.